திட்டம் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறது?

தருமபுரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வரத்துக் கால்வாய்களிலும் மண்வெட்டியும் கூடையுமாக நூறு நாள் வேலை செய்து கூலி பெற்று வந்தவர்கள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள், 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு புதிய நியமத்துக்கு உட்பட்டார்கள். அதுவரை காகிதப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே வைக்கப்பட்டு வந்த கையெழுத்தும் கைநாட்டும் போதா என்று கருதிய மத்திய அரசு, 2021 மே மாதத்தில் அறிமுகம் செய்து, 2022 மே மாதத்தில் இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குக் கட்டாயமாக்கியிருந்த கைபேசிச் செயலியொன்றை, அன்று முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் விதித்தது. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, வேலைக்கு வந்தவர்களைப் படமெடுத்து, எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளோடு அந்தப் படத்தை ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் அன்றைய உழைப்புக்குச் சாட்சியம் இல்லை. சாட்சியம் இல்லாத உழைப்புக்குக் கூலி கேட்பது எளிதன்று.

பென்னாகரம் பக்கத்துக் காட்டோர ஊர்களிலும் சித்தேரி மலையிலும் இந்த நியமம் எவ்வாறு நிறைவேறும் என்பதைக் கண்டவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. காணாதவர்களுக்குச் சிறிது சொல்லலாம். பணித்தளப் பொறுப்பாளர் என்று பெயர் பெற்ற, பெரும்பாலும் அவ்வூரிலேயே பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்து நின்றுவிட்ட ஒரு பெண், தன் சொந்தக் கைபேசியை எடுத்து, வந்தவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, "அக்கா, முந்தானையைக் கொஞ்சம் தள்ளுங்க, மூஞ்சி தெரியல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் படம் எடுக்கிறாள். படம் எடுபட்டுவிடுகிறது, ஏறுவதில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும், எந்தப் பாறையின் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அங்கே ஏறி நிற்கிறாள். காலையிலேயே வெட்ட வேண்டிய மண்ணை வெட்டி முடித்தவர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போக வேண்டியவர்கள், இரண்டாவது படத்துக்காக மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு பிரயாசைக்கும் பயன் இருந்ததா என்றால், அதற்கு விடையை விமரிசகர்களிடம் தேட வேண்டியதில்லை. 2025 ஜூலை மாதத்தில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், நேரில் நிற்கும் ஆளைப் பிடிக்காமல் பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுவதையும், ஒரே ஆள் பல பதிவேடுகளில் தோன்றுவதையும், காலைப் படத்தில் இருப்பவர் மாலைப் படத்தில் இல்லாதிருப்பதையும் வரிசையாக எடுத்துச் சொல்லி, இனி ஊராட்சி மட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பொய் வருகையை ஒழிக்க வந்த இயந்திரம் பொய் வருகைக்குப் புதியதொரு வழியைத் திறந்துவிட்டதும், மனிதனை நம்ப முடியாதென்று கொண்டுவரப்பட்ட இயந்திரத்தைக் காவல் காக்க மறுபடியும் மனிதனையே நியமிக்க நேர்ந்ததும், கணினித் திட்டங்களின் இயல்பைப் பற்றி யோசிக்கிறவர்களுக்குப் போதுமான பாடங்கள்.

ஆனால் இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திட்ட நிர்வாகம் என்று இன்று ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்ட கலையின் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இந்தச் செயலி வெற்றி பெற்றதாகவே சொல்ல வேண்டியிருக்கும். குறித்த தேதியில் தொடங்கியது. தேசம் முழுவதும் பரவியது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. எத்தனை பணித்தளங்களிலிருந்து எத்தனை படங்கள் வந்தன என்ற எண்ணிக்கை தினந்தோறும் தில்லித் திரையில் தெரிந்தது. எண்ணக்கூடியதெல்லாம் எண்ணப்பட்டது. எது நடக்க வேண்டும் என்பதற்காக இத்தனையும் எழுந்ததோ அது மாத்திரம் எண்ணிக்கையில் இடம் பெறவில்லை.

கணினித் திட்டங்கள் தோற்கும்போதெல்லாம் நிர்வாகம் போதவில்லை என்று சொல்வது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. உடனே இன்னும் ஓர் ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்படுகிறது. மாதக் கூட்டம் வாரக் கூட்டமாகிறது. வாரக் கூட்டம் தினந்தோறும் நடக்கும் வீடியோ கான்பரன்ஸ் ஆகிறது. இந்த வைத்தியத்தால் நோய் தீர்ந்ததற்கு அத்தாட்சி குறைவு. பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டில் தேசிய மருத்துவச் சேவை முழுவதையும் ஒரே கணினி அமைப்பில் கோக்கத் தொடங்கிய மாபெரும் திட்டத்துக்கு நிர்வாகிகள் பஞ்சமா? ஏறத்தாழ ஆயிரம் கோடி பவுன் செலவான அத்திட்டத்தைக் கலைப்பதாக 2011-இல் அந்நாட்டு அரசே அறிவித்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1,471 கணினித் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்து அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆறில் ஒரு திட்டம் மதிப்பிட்டதைப் போலச் சராசரியாக மும்மடங்கு செலவை விழுங்கியதாகக் கண்டார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருந்திட்டமொன்றை நடத்தி அனுபவப்பட்ட பிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடுமே ஒழியக் குறையாது என்று 1975-லேயே எழுதிவிட்டார். அறிவுக்கும் பஞ்சமில்லை, எச்சரிக்கைக்கும் பஞ்சமில்லை என்றால், கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி நமது அபிப்பிராயம் இதுதான்: திட்ட நிர்வாகம் என்பது மேல்நோக்கிக் கணக்குக் கொடுக்கும் கலையாக வளர்ந்திருக்கிறது, திட்டமோ கீழே பிழைக்கவோ சாகவோ செய்கிறது. எந்த மனிதனின் கையில் கருவி வேலை செய்தாக வேண்டுமோ, அந்த மனிதனுக்குத் திட்டத்தில் கடமை உண்டு, பயிற்சி உண்டு, தவறினால் தண்டனையும் உண்டு. "இது இன்னும் ஆகவில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் மட்டும் இல்லை. அந்த அதிகாரம் இல்லாத வரையில் எத்தனை அட்டவணைகள் போட்டாலும் அவை மேலே இருப்பவர்களின் மனச்சாந்திக்கே பயன்படும்.

ஒரு கெட்ட செய்தி கீழிருந்து மேலே போகும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். பணித்தளத்தில் இருக்கும் பெண் ஊராட்சி செயலரிடம், "படம் ஏறவே இல்லைங்க சார்" என்கிறாள். அவர் யூனியன் ஆபீசில், சில இடங்களில் சிக்னல் பிரச்சினை இருக்கிறது என்று சொல்கிறார். யூனியன் ஆபீசிலிருந்து மாவட்டத்துக்குப் போகும் அறிக்கையில் அது, சிற்சில சிரமங்கள் இருந்தபோதிலும் பணி நடைபெற்று வருகிறது என்று மாறுகிறது. மாவட்டம் சென்னைக்குச் சதவிகிதம் அனுப்புகிறது. சென்னையிலிருந்து தில்லிக்குப் போவது பச்சை நிறக் கட்டம். இதில் எவரும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவர் கோபித்துக்கொள்ளாத அளவுக்கு உண்மையைச் சிறிது மெருகேற்றினார்கள், அவ்வளவே. ஐந்து கைகள் மாறியபின் அந்த உண்மையில் பாறை மேல் ஏறி நின்றவளின் அடையாளமே இல்லை.

இது இந்தியர்களுக்கு மாத்திரம் உரிய குணமென்று நினைத்துத் தாழ்வுறவும் வேண்டியதில்லை. கனடா நாட்டில் 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவதற்காக ஃபீனிக்ஸ் என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. 2018-இல் அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் இதை ஆராய்ந்தபோது தெரியவந்தது என்னவென்றால், திட்டத்தை நடத்தியவர்கள் குறித்த காலத்துக்கும் குறித்த செலவுக்கும் உள்ளே முடித்தாக வேண்டும் என்ற ஒரே நோக்கில், சில அவசியமான வசதிகளையே வெட்டிவிட்டு, சிறிய அளவில் நடத்திப் பார்க்க வேண்டிய முன்னோட்டத்தையும் ரத்து செய்திருந்தார்கள் என்பதே. நிர்வாகத்தின் குறைவால் அன்று, நிர்வாக லட்சணங்களைத் தலைமேற் கொண்டதாலேயே அந்தத் திட்டம் கெட்டது என்று சொன்னாலும் மிகையாகாது.

தேதி என்பது இவ்வகைத் திட்டங்களில் ஒரு தனிச் சர்வாதிகாரி. பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டி நாளும் குறித்துவிட்ட வீட்டாரைப் போல, நமது அரசுகள் தொடக்க விழாவின் தேதியை முதலில் நிச்சயித்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்குகின்றன. 2017 ஜூலை முதல் தேதி நள்ளிரவில் மணியடித்துத் தொடங்கப்பட்ட ஜி.எஸ்.டி.யின் கதை வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். விற்றவனின் கணக்கும் வாங்கியவனின் கணக்கும் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தும் என்ற அழகிய எண்ணத்தில் அமைந்த மூன்று படிவங்களில், பின்னிரண்டையும் அதே ஆண்டு நவம்பர் மாதத்துக்குள் ஜி.எஸ்.டி. கவுன்சிலே நிறுத்தி வைக்க நேர்ந்தது. தருமபுரிக் கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்பவர் இரவு வெகு நேரம் வரை கணக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து ஏற்ற முயன்றவை, அவர் கற்று முடிப்பதற்கு முன்பே காலாவதியாகிவிட்டன. நாலு வருஷம் கழித்து, 2021 ஜூன் 7-ஆம் தேதி வருமான வரித் துறையின் புதிய இணையதளம் தொடங்கியபோதும் அப்படியே ஆயிற்று. கணக்கைப் பரிசீலிக்கும் காலத்தை 63 நாட்களிலிருந்து ஒரு நாளாகக் குறைப்பது என்ற உயர்ந்த நோக்கத்தோடு எழுந்த அத்தளம், நாட்டின் பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனமாகிய இன்போசிஸ் கட்டியதாக இருந்தும், இரண்டரை மாதத்துக்குப் பின்னரும் சீராகவில்லை; அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாக அதிகாரியை நிதியமைச்சர் ஆகஸ்டு 23-ஆம் தேதி நேரில் அழைத்து விளக்கம் கேட்டார்; கணக்குத் தாக்கல் செய்யும் கெடு ஆண்டு இறுதிவரை தள்ளிப் போயிற்று. திறமைக்குறைவால் விளைந்ததென்று இவற்றைச் சொல்லிவிட முடியாது.

ஒப்பந்தங்களின் அமைப்பும் இந்தக் கோணலுக்குத் துணை நிற்கிறது. மென்பொருளைக் கட்டுகிற நிறுவனத்துக்குப் பணம் தவணை தவணையாகத் தரப்படுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு காகிதம் சான்று. வடிவமைப்பு முடிந்தது, பரிசோதனை முடிந்தது, பயிற்சி முடிந்தது, அமைப்பு தொடங்கியது என்று ஒரு உத்தியோகஸ்தர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுபவர் அந்த அமைப்பைத் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் பயன்படுத்தப் போகிறவர் அல்லர். பயன்படுத்தப் போகிறவரோ கையெழுத்திடும் அறைக்குள் அழைக்கப்படுவதில்லை. ஆகவே விதியில் எழுதியிருப்பது மென்பொருளுக்குள் வந்துவிடுகிறது. வழக்கத்தில் நடப்பது வெளியே நின்றுவிடுகிறது.

அப்படி வெளியே நிற்பது என்னவென்று தருமபுரி மாவட்டத்தையே வைத்துக் காணலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதினைந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகை கொண்டதும், எழுத்தறிவில் 68.54 சதவிகிதத்தோடு தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசியாக நின்றதுமான பிரதேசம் இது. குலதெய்வத்தின் பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே தெருவில் மூன்று மாதம்மாளும் நான்கு முனியம்மாளும் இருப்பார்கள். ஊரார் அவர்களை வீட்டை வைத்தும் புருஷனை வைத்தும் தாய்வீட்டு ஊரை வைத்தும் பிரித்தறிவார்கள். அதே மாதம்மாளின் பெயர் ஆங்கில எழுத்தில் ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், வேலை அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதமாகவும் பதிந்திருக்கும். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலி ஆதார் வழியாகவே தரப்படும் என்று ஆனபோது, மனிதர் எவருக்கும் சந்தேகமில்லாத மாதம்மாள், கணினிக்கு மூன்று வேறு மாதம்மாள்களாகத் தோன்ற இடமுண்டாயிற்று. அதைத் திருத்த அவள்தான் ஒரு நாள் கூலியைத் துறந்து, பஸ் ஏறி, இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் அலைய வேண்டும். பெயரைப் பதிந்தவர் செய்த எழுத்துப் பிழைக்கு அபராதம் கட்டுகிறவள், பிழையில் பங்கே இல்லாதவள்.

ரேஷன் கடையிலும் இதே நிலைமைதான். கல் உடைத்தும் களை எடுத்தும் தேய்ந்துபோன விரல்களை மிஷின் ஏற்பதில்லை. "ரேகை விழலம்மா, கையை நல்லாத் துடைச்சிட்டு இன்னொருக்கா வையுங்க" என்று விற்பனையாளர் சொல்வதும், "என் ரேகை எங்க கண்ணு இருக்குது, அதெல்லாம் தேஞ்சு போச்சே" என்று கிழவி சிரிப்பதும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பதும் அந்த வரிசையில் நிற்பவர்களுக்குப் புதிதல்ல. விழியைப் பார்த்து ஆளை அறியும் கருவியும், வேறு சில மாற்று வழிகளும் பிற்பாடு வந்தன என்பது மெய்யே. வேலை செய்து உரமேறிய கையுள்ள ஜனங்களுக்காகவே நடக்கும் ஒரு கடையில் கைரேகையை முதற்சாவியாக வைக்கும்போதே இந்த யோசனை ஏன் எழவில்லை என்பதே கேள்வி. எந்த விற்பனையாளரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்.

கேளாதிருப்பதோடு காரியம் நிற்பதில்லை. கருவி தவறும்போது பழி கருவியைப் பயன்படுத்தியவர் தலையிலேயே விழுகிறது. இதன் கொடுமையின் எல்லையைப் பிரிட்டன் தேசத்துத் தபால் நிலையங்கள் உலகுக்குக் காட்டின. ஹொரைசான் என்னும் கணக்கு அமைப்பு 1999-ஆம் ஆண்டு முதல் அங்கே புகுத்தப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தார் வழங்கிய அந்த அமைப்பு, இல்லாத பணக்குறைவை இருப்பதாகக் காட்டியது. சிற்றூர்களில் கடையோடு சேர்த்துத் தபாலகத்தையும் நடத்தி வந்த எளிய மனிதர்கள் தொள்ளாயிரம் பேருக்கு மேல் திருட்டுக்கும் பொய்க்கணக்குக்கும் குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். பலர் சொந்தப் பணத்தைப் போட்டு இல்லாத குறையை ஈடு செய்தார்கள். "கணக்கு தப்பு" என்று அவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. கணினி தப்புச் செய்யாது என்று நீதிமன்றமும் நம்பியது. நமது ரேஷன் கடை விற்பனையாளரும் பணித்தளப் பொறுப்பாளரும் ஊராட்சி செயலரும் நிற்கும் இடம் அந்தத் தபாலக நடத்துநர்கள் நின்ற இடத்திலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

உத்தியோக மாற்றம் என்னும் வியாதியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2001-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கூடி, கிராமந்தோறும் இணையக் கூடங்கள் அமைத்தார்கள். வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை முதலியவற்றுக்கு மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை என்ற நிலைமை சில காலம் உண்மையாகவே இருந்தது. அதில் ஊக்கம் கொண்ட அதிகாரிகள் மாறிப் போனார்கள். பின்வந்தவர்களுக்கு அது முன்னவரின் காரியம். மனுக்களுக்குப் பதில் நின்றது. வருமானம் குன்றிய கூடங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. கருவிகள் அங்கேயே இருந்தன. மறுமுனையில் மனுவை வாங்கிப் பதில் சொல்லும் மனிதர் இல்லாமற் போனபின் அவற்றால் ஆனதொன்றுமில்லை.

இவ்வளவும் சொன்னதால் இயந்திரமே வேண்டாம் என்பது நமது கட்சி என்று எவரும் கொள்ள வேண்டாம். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் எத்தனை முறை நடந்தோம், எவர் எவர் கையில் எதெது கொடுத்தோம் என்பது நமது பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும். அந்த அவஸ்தையைக் குறைத்தது கணினிதான். ஒரு புதிய அமைப்பை எதிர்த்து எழும் குரல்களில் சில, மேசைக்கடியில் வந்துகொண்டிருந்த வரும்படி நின்றுவிடுமே என்ற துக்கத்தில் எழுபவை என்பதும் பொய்யன்று. ஆதலால் கீழே இருப்பவர் சொல்வதெல்லாம் வேதம் என்று நாம் வாதிக்கவில்லை. எழுத்தருக்கு மட்டும் காது கொடுத்தால் அவருடைய சௌகரியமே நியாயமாகத் தோன்றும். எழுத்தருக்கு முன்னால் வரிசையில் நிற்பவருக்கும் காது கொடுத்தால் எது உண்மையான இடர், எது சாக்கு என்பது தானே பிரிந்துவிடும்.

இந்த நாட்டில் அப்படி நடந்து வென்ற காரியங்கள் இல்லாமலும் இல்லை. தேர்தல் காலத்தில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதையின் முதுகில் ஏறிப் போவதைப் பத்திரிகைகள் வேடிக்கையாகப் படம் போடுகின்றன. நமக்கோ அது திட்ட நிர்வாகத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றாகத் தோன்றுகிறது. சாலையில்லை என்பதால் மலைமேலிருக்கும் வாக்காளரைக் கீழே வரச் சொல்லவில்லை. இயந்திரம் ஏறிப் போகிறது. அந்த இயந்திரத்துக்கு மின்சாரக் கம்பி வேண்டாம், பாட்டரி போதும், சிக்னல் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், சின்னத்தைக் கண்டு பொத்தானை அமுக்கினால் போதும். கடைசி வாக்காளரை மனத்தில் வைத்துக்கொண்டு செய்த கருவி அது. அவசரமும் அதில் இல்லை. 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதல் சோதிக்கப்பட்டு, சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றத்தால் மறுக்கப்பட்டு, சட்டம் திருத்தப்பட்டு, 1998-இல் சில தொகுதிகளில் மட்டும் வைத்துப் பார்க்கப்பட்டு, 2001-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு வந்து, 2004-இல்தான் தேசம் முழுவதும் பரவியது. அந்த இயந்திரத்தைப் பற்றி அரசியல் தர்க்கங்கள் இருக்கலாம். அது வேலை செய்யாததால் மலைக்கிராமம் ஓட்டை இழந்தது என்று சொல்லும்படி அதன் அமைப்பு இல்லை.

இரண்டாவது திருஷ்டாந்தம் இந்த மண்ணிலேயே விளைந்தது. 2004-05-ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேர் பரப்பில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை மூன்றாண்டுகளுக்குத் தொடங்கியது. சொட்டு நீர், அதில் கரைத்துவிடும் உரம், குழித்தட்டில் வளர்த்த நாற்று என்று அதுவும் ஒரு தொழில்நுட்பத் திட்டமே. கணினி இல்லை என்பது ஒன்றே வித்தியாசம். ஆனால் விஞ்ஞானிகள் கருவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் வயலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எல்லா நிலத்தையும் ஒரே வருஷத்தில் பிடிக்காமல் ஆண்டுக்குச் சிறிதாக விரித்தார்கள். முதல் வருஷத்து விவசாயி இரண்டாம் வருஷத்து விவசாயிக்கு வாத்தியாரானார். விவசாயிகள் தங்களுக்குள் சங்கம் அமைத்து, உரம் வாங்குவதிலும் விளைச்சலை விற்பதிலும் சேர்ந்து பேரம் பேசக் கற்றார்கள். தக்காளி விளைந்ததா இல்லையா என்பதை அங்கே சதவிகிதத்தால் மறைக்க முடியாது. செடியே அறிக்கை கொடுத்தது.

இவற்றிலிருந்து நாம் கற்கக்கூடியவை சூட்சுமமானவை அல்ல. முதலாவது, எந்தப் புதிய அமைப்பையும் சென்னையிலோ மாவட்டத் தலைநகரிலோ சோதித்துவிட்டு மலைக்கு ஏற்றும் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் முதலில் நடக்கட்டும். அங்கே நடந்தது அண்ணா சாலையில் நடக்காமற் போகாது. அண்ணா சாலையில் நடந்தது அங்கே நடக்குமென்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. இரண்டாவது, வேலை முடிந்ததென்று கையெழுத்திடும் உரிமை அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, வரிசையில் நிற்பவர்களின் பிரதிநிதிகளையும் உள்ளிட்டு, இருக்க வேண்டும். அவர்கள் ஒப்பாதவரை தவணைப் பணம் பெயரக்கூடாது. மூன்றாவது, தொடக்க விழா நாளில் நிறுவனத்துக்குப் போகும் பணத்தைக் குறைத்து, மூன்று வருஷம் ஒழுங்காக நடந்த பிறகு தரப்படும் பங்கைப் பெரிதாக்க வேண்டும். நான்காவது, திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி அது கால் ஊன்றும்வரை இடம் மாறக் கூடாது.

இவ்வாறெல்லாம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் எக்காலத்திலும் முடியாதே என்று நிர்வாகிகள் ஆட்சேபிக்கலாம். முடிந்த திட்டங்களின் யோக்கியதையைப் பார்த்த பிறகு அந்த ஆட்சேபத்துக்கு வலுவில்லை. ஆறு மாதம் முன்கூட்டித் தொடங்கி ஆறு வருஷம் ஒட்டுப் போடுவதும் கால விரயமே. அந்த விரயம் பொதுஜனங்களின் நாட்களில் கழிவதால் அறிக்கையில் ஏறுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சேலத்துக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போன மகனை வரவழைத்து வங்கியில் நிறுத்தும் தாயின் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இல்லை. அதையும் கூட்டினால், மெதுவாகப் போகும் திட்டமே மலிவான திட்டம் என்பது புலப்படும்.

இவை யாவும் நிறைவேறக் காலம் பிடிக்கலாம். ஆனால் இன்றே, ஒரு காசு செலவில்லாமல், ஓர் அரசாணையின் ஒற்றை வாக்கியத்தால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. கருவி வேலை செய்யாத நாளில், சர்வர் இல்லை என்றாலும், சிக்னல் இல்லை என்றாலும், ரேகை விழவில்லை என்றாலும், அந்தக் காரணத்தால் எவருடைய கூலியும் அரிசியும் ஓய்வூதியமும் நிற்கலாகாது, காகிதத்தில் எழுதி அன்றே கொடுக்க வேண்டும், எழுதிய காகிதங்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதே அந்த வாக்கியம். அந்த எண்ணிக்கையைத்தான் நாம் திட்டத்தின் உண்மையான மதிப்பெண் என்று கொள்ள வேண்டும். அது குறைந்துகொண்டே வந்தால் திட்டம் பிழைக்கிறது; கூடிக்கொண்டே போனால், பச்சைக் கட்டங்கள் எத்தனை இருந்தாலும், தில்லியில் எவர் எவரைப் பாராட்டினாலும், திட்டம் தோற்றுவிட்டது என்று தருமபுரி மக்களுக்குத் தெரியும், ஆள்பவர்களும் ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத மறுக்கும் எந்தத் திட்டத்தையும், அது எவ்வளவு நவீனமாயிருப்பினும், நம் ஊருக்குள் வரவேற்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.